பெருநகரச் சுற்றுலாவில் குடும்பச் சாப்பாடு: எந்த வேளைக்கு எந்த இடம்?

பெரிய நகரம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு நான்கைந்து நாள் கிளம்புகிறவர்கள் டிக்கெட், விடுதி, பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லாவற்றையும் வாரக்கணக்கில் அலசுவார்கள். சாப்பாடு என்று வரும்போது மட்டும், "அவ்வளவு பெரிய ஊரில் உணவகத்துக்கா பஞ்சம், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். பஞ்சம் இல்லைதான். ஆனால் மதியம் ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும் மூன்று வயதுக் குழந்தையோடும் முட்டி வலிக்கிற பாட்டியோடும் நடுத்தெருவில் நிற்கும்போது என்ன தேவைப்படுகிறது? இடம் பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பு எரிய வேண்டும். ஆறு பேரும் ஒன்றாக உட்கார முடிய வேண்டும். கைப்பிள்ளைக்கு ஹை சேர், அதாவது குழந்தைகளுக்கான உயர நாற்காலி வேண்டும். மாடிப்படி ஏறாமல் கழிப்பறைக்குப் போக முடிய வேண்டும். இத்தனையையும் போட்டு வடிகட்டினால் பெருநகரத்திலும் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான்.

அதனால் "இந்த ஊரில் சிறந்த உணவகம் எது" என்று தேட ஆரம்பிப்பது குடும்பங்களுக்கு உதவாது என்றே நினைக்கிறேன். எந்த வேளைக்கு, எங்கே இருக்கும்போது, யார் யாருக்கு என்று பிரித்துக்கொண்டு தேடினால் வேலை பாதியாகக் குறையும். காலைக்குப் பொருந்துகிற இடம் இரவுக்குப் பொருந்தாது. இரண்டு பேராகப் போனபோது ரசித்த இடம், குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலரோடு போனால் தண்டனையாகிவிடும்.

முதலில் கடிகாரம்

குழந்தையின் பசி நம் சுற்றுலா அட்டவணைக்காகக் காத்திருக்காது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உண்ணவோ குடிக்கவோ ஏதாவது தேவை என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். வளர்ந்த பிள்ளைகளும் நாள் முழுக்க நடந்தால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள். வேறு நேர மண்டலத்துக்குப் பறந்து வந்திருந்தால் கூடுதல் சிக்கல். உடலின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். ஐந்து மணி நேர வித்தியாசம் என்றால், பயணம் முடிகிற வரைக்குமே உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் நேரத்தில் உங்கள் பிள்ளைக்குப் பசிக்காமல் போகலாம். கடை சாத்தும் நேரத்தில் பசி எடுக்கலாம்.

உணவகங்களின் பக்கமும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பல நகரங்களில் உட்கார்ந்து சாப்பிடும் இடங்களின் சமையலறை மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும். கதவு திறந்திருக்கும், காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. மேப்பில் 'திறந்துள்ளது' என்று காட்டுவது கதவைப் பற்றிய தகவல், அடுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரவிலும் அப்படித்தான். கடைசி ஆர்டர் எடுக்கும் நேரம், கடை சாத்தும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் இடங்களும் உண்டு, பல ஊர்களில் அது திங்கட்கிழமையாக அமைகிறது.

இந்த இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகிற இடைவெளி சிறியது. பெரும்பாலான ஊர்களில் மதிய உணவு தொடங்கியதும் வரும் முதல் அரை மணி நேரமும், இரவு உணவு தொடங்கியதும் வரும் முதல் அரை மணி நேரமும்தான் குடும்பங்களுக்கானவை. கூட்டம் இருக்காது, பரிமாறுகிறவர்கள் களைத்திருக்க மாட்டார்கள், சமையலறைக்கும் அவசரம் இருக்காது. அரை மணி கழித்து அதே கதவைத் திறந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதச் சொல்வார்கள்.

பெயர்பெற்ற உணவகமா, குடியிருப்புத் தெருவின் சிறு உணவகமா?

குடும்பப் பயணங்களில் வாக்குவாதம் கிளம்புவது பெரும்பாலும் இதில்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எல்லோரும் பேசுகிற அந்த இடத்தில் சாப்பிடாமல் போவதா என்று ஒருவர் கேட்பார். பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே எப்படி என்று இன்னொருவர் கேட்பார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பெயர்பெற்ற இடத்தின் பலம் சமையல். விருதுகளும் நட்சத்திரங்களும் அதைத்தான் அளக்கின்றன. உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து மதிப்பிடும் மிச்செலின் வழிகாட்டி, தன் நட்சத்திரங்கள் தட்டில் இருக்கும் உணவுக்கு மட்டுமே என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நாற்காலி, இடவசதி, பொறுமை எதுவும் அந்தக் கணக்கில் வராது. அதே வழிகாட்டி 1997 முதல் தருகிற 'பிப் கூர்மாண்ட்' பட்டியல் நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கானது. அந்தப் பட்டியலில் அலட்டல் இல்லாத, சத்தம் கொஞ்சம் கூடுதலான, பிள்ளைகள் இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடங்கள் நிறைய அகப்படும். சமையலை விட்டுக்கொடுக்க மனமில்லாத குடும்பங்கள் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

பலவீனம் நேரத்தில் இருக்கிறது. முன்பதிவு வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். கிடைத்தாலும் இரவு எட்டரை மணிக்குத்தான் கிடைக்கும். பல இடங்களில் கார்டு எண்ணை வாங்கிவைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே விதிதான். ஒவ்வொரு பதார்த்தமாக நிதானமாக வரும் சாப்பாடு இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் நாற்காலியில் இருத்திவைப்பது பிள்ளைக்கும் கொடுமை, பெற்றோருக்கும் கொடுமை.

குடியிருப்புப் பகுதியின் சிறு உணவகத்தில் சாப்பாடு நன்றாகவோ சுமாராகவோ இருக்கலாம். ஆனால் அந்தத் தெருவின் குடும்பங்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். வார நாளில் பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் அவர்கள். கீழே விழுந்த கரண்டிக்கு மாற்றுக் கரண்டி கேட்காமலே வரும். மெனுவில் இல்லாவிட்டாலும், காரமில்லாமல் வெறும் சோறோ வேகவைத்த காய்கறியோ தருவார்கள். சுற்றுலா இடத்தின் வாசலிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே போனாலே இப்படிப்பட்ட இடங்கள் தென்படத் தொடங்கும். வாசலில் ஆள் நின்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைக்கும் இடங்கள் அந்த இரண்டு தெருவுக்குள் குறைந்துவிடும். திரும்பி வரவே போகாத வாடிக்கையாளரை நம்பி நடக்கிற கடைக்கும், நாளைக்கும் அதே முகத்தைப் பார்க்க வேண்டிய கடைக்கும் உள்ள வித்தியாசம் தட்டில் தெரியும்.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு சிறு உணவகத்துக்குத்தான். ஆனால் பெயர்பெற்ற இடத்தை முழுக்க விட்டுவிட வேண்டாம், அதை மதியத்துக்கு மாற்றுங்கள். இரவில் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் பல இடங்களில் வார நாள் மதியத்தில் டேபிள் கிடைக்கும். மெனு சுருக்கமாக இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். வெளிச்சம் இருக்கும், பிள்ளை விழிப்பாக இருக்கும், சாப்பிட்டு முடித்ததும் பூங்காவில் ஓடவிடலாம். நாளின் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு நகர்த்திவிடுவதுதான் குடும்பப் பயணத்தில் செய்யக்கூடிய மிக நல்ல மாற்றம் என்று உறுதியாகச் சொல்வேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதன் பின்னால் தானாக அமைந்துவிடும்.

ஃபுட் கோர்ட்

சிலர் இதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது ஆளாளுக்கு வெவ்வேறு சாப்பாடு கேட்பார்கள், அத்தனையும் ஒரே மேசைக்கு வந்து சேரும் இடம் வேறு எது? தாத்தாவுக்கு மெதுவானது, பதின்வயதுப் பையனுக்குப் பெரிய தட்டு, இரண்டு வயதுக்காரிக்குக் கொஞ்சம் பழம். கண்ணால் பார்த்து விரலால் காட்டி வாங்கலாம், மொழி தெரிய வேண்டியதில்லை. கழிப்பறை, டயபர் மாற்றும் இடம், லிஃப்ட் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். மழையோ கொளுத்தும் வெயிலோ உள்ளே வராது. மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடாமல் இருப்பது இன்னொரு பெரிய வசதி.

ஆனால் அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் என்றால் நேரம் பார்த்துப் போக வேண்டும். பதினொன்றரைக்குப் போனால் மூலையில் சுவரோரமாக நல்ல மேசை கிடைக்கும், ஸ்ட்ரோலரையும் ஓரமாக நிறுத்தலாம். பன்னிரண்டே முக்காலுக்கு அதே இடத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நூறு பேர் தட்டோடு சுற்றுவார்கள். யாரோ சாப்பிட்டு எழும்போதே அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். பாட்டியை அந்த நெரிசலில் இடம் பிடிக்க உட்கார்த்திவிட்டு நான்கு வரிசைகளில் நான்கு பேர் நிற்பது யாருக்கும் நிம்மதியான சாப்பாடு ஆகாது.

இரைச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காது கருவி போட்டிருக்கும் பெரியவர்களுக்குச் சுற்றுப்புற இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவதே பிடிபடாது. சத்தத்தைத் தாங்க முடியாத குழந்தைகள், குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அங்கே பத்து நிமிடம்கூட இருக்க முடியாமல் தவிப்பார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஃபுட் கோர்ட்டைவிட, கூட்டம் வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஒரு சிறு உணவகத்தின் மூலை மேசை எவ்வளவோ மேல்.

சங்கிலி உணவகமும் அருங்காட்சியக காபிக் கடையும்

இவை இரண்டையும் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலி உணவகங்களில் என்ன கிடைக்கும் என்பது உள்ளே போகும் முன்பே தெரியும், ஹை சேர் இருக்கும், கழிப்பறை இருக்கும், பத்து நிமிடத்தில் தட்டு வரும். சுற்றுலாவில் அதைச் சாப்பிடுவதா என்று குற்றவுணர்ச்சி தேவையில்லை. பயணம் முழுவதும் புதுப் புது ருசிகளை மறுத்துக்கொண்டே இருந்த பிள்ளை, தெரிந்த ஒரு தட்டைப் பார்த்ததும் வயிறாரச் சாப்பிட்டால் மறுநாள் புதியதைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு கூடும். தினமும் என்றால் வேண்டாம், பயணத்தில் ஒருநாள் என்றால் தாராளமாக.

அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா போன்றவற்றின் உள்ளே இருக்கும் கடைகளில் விலை கூடுதல், சாப்பாடு சுமார். ஆனாலும் மீண்டும் வரிசையில் நின்று நுழைய வேண்டிய இடம் என்றால், வெளியே போய்ச் சாப்பிட்டு வர ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. வெளியே போனால் மறுபடி நுழைய விடுவார்களா என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடத் தனி இடம் ஒதுக்கியிருக்கும் அருங்காட்சியகங்களும் உண்டு, அவற்றின் இணையதளத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள்.

வெளியே சாப்பிடுவதா, வாங்கிவந்து அறையில் சாப்பிடுவதா?

இரவு உணவுக்கு இந்தக் கேள்வி தினமும் வரும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு, இரண்டு இரவில் ஓர் இரவாவது பார்சல் வாங்கிவந்து அறையில் சாப்பிடுவது நல்லது என்பேன். காலையிலிருந்து பொது இடத்தில் அடங்கி நடந்த பிள்ளைக்கு, உள்ளாடையோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சுதந்திரம் தேவைப்படுகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். சாப்பிட்ட கையோடு குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டால், மறுநாள் காலை கூட்டத்துக்கு முன்பே கிளம்பிவிடலாம்.

டெலிவரி ஆப்பை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில நாடுகளில் உள்ளூர் தொலைபேசி எண்ணோ உள்ளூர் கார்டோ இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாது. சில விடுதிகள் டெலிவரிக்காரரை மேலே விடாது, கீழே இறங்கி வர வேண்டும். எனவே விடுதிக்குத் திரும்பும் வழியிலேயே, மெட்ரோ நிலையத்துக்கும் விடுதிக்கும் நடுவில் இருக்கிற ஒரு கடையில் கையோடு வாங்கிவருவதுதான் அலைச்சல் இல்லாத வழி.

அறையில் சாப்பிடும்போது மீதியை என்ன செய்வது என்பதில் கவனம் வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. விடுதி அறையின் குட்டி ஃபிரிட்ஜ் பானங்களைக் குளிர்விக்க வைத்தது, அது 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்று நம்ப முடியாது. சூடாக்க மைக்ரோவேவும் இல்லாத அறையில் மீதியை மறுநாளைக்கு வைப்பதைவிடக் குறைவாக வாங்குவதே மேல். அந்நிய ஊரில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் பயணம் போய்விடும்.

சமையலறை உள்ள அபார்ட்மெண்ட்டில் தங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோ கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளையோ இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. மற்றவர்களுக்குக் காலை உணவு சேர்ந்த விடுதி போதும். காலையில் எழுந்ததும் பசியோடு தெருவில் இறங்கித் தேட வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

மேப், மனிதர்கள், நடை: எதை நம்பித் தேடுவது?

கூகுள் மேப்ஸில் ஓர் உணவகத்தின் 'அறிமுகம்' பகுதிக்குள் போனால் குழந்தைகளுக்கு ஏற்றதா, ஹை சேர் உண்டா, குழந்தைகள் மெனு உண்டா, டயபர் மாற்ற மேசை உண்டா, சக்கர நாற்காலி நுழைய முடியுமா என்ற விவரங்கள் இருக்கும். பயனுள்ளவைதான். ஆனால் கடைக்காரரும் வந்துபோனவர்களும் தட்டிவிட்ட பதில்கள் அவை. ஹை சேர் உண்டு என்று போட்டிருந்த ஓர் இடத்துக்கு நாங்கள் போனபோது கடை முழுவதற்கும் ஒரே ஒரு ஹை சேர்தான் இருந்தது, அதில் வேறொரு குழந்தை உட்கார்ந்திருந்தது. தகவல் பொய்யில்லை, எங்களுக்குப் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட நம்பகமானவை வாடிக்கையாளர்கள் எடுத்துப் போட்ட படங்கள். தட்டைப் பார்க்காதீர்கள், தட்டுக்குப் பின்னால் பாருங்கள். மேசைகள் எல்லாம் இரண்டு பேருக்கான சின்ன மேசைகளா, நான்கு கால் உள்ள பெரிய மேசைகள் இருக்கின்றனவா? ஒரு நாற்காலியின் முதுகு பின்மேசை நாற்காலியை உரசுகிறதா? அப்படியென்றால் ஸ்ட்ரோலர் உள்ளே வராது, வந்தாலும் நடைபாதையை மறித்துக்கொண்டு நிற்கும். உயரமான ஸ்டூல்கள் மட்டும் என்றால் பாட்டியும் ஏற முடியாது, பிள்ளையும் விழும். மூலையில் ஹை சேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரிந்தால் அந்தக் கடைக்குப் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள் என்று அர்த்தம். பிறகு தெருக்காட்சிக்குப் போய் வாசலைப் பாருங்கள். மூன்று படி, குறுகிய கதவு, நடைபாதையே இல்லாத சாலை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஓர் இடத்துக்கு இரண்டு நிமிடம் போதும், நூறு ரிவ்யூ படிப்பதைவிட இதில் அதிகம் கிடைக்கும்.

ரிவ்யூ படிப்பதானால் நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டு, ரிவ்யூக்களுக்குள் தேடும் வசதியில் 'குழந்தை', 'ஸ்ட்ரோலர்' போன்ற சொற்களை ஆங்கிலத்திலும் அந்த ஊர் மொழியிலும் போட்டுத் தேடுங்கள். புதியவை முதலில் வரும்படி அடுக்கிக்கொள்ளுங்கள். சமையல்காரர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் பழைய நட்சத்திரங்கள் அப்படியேதான் நிற்கும். எந்த மணிக்குக் கூட்டம் என்று காட்டும் வரைபடமும் மேப்பில் இருக்கிறது. குடும்பத்துக்கு மிகவும் உதவுவது அதுதான், ஆனால் அதைப் பலர் கண்டுகொள்வதில்லை.

சுத்தத்தைப் பொறுத்தவரை சில ஊர்களில் அரசே உதவுகிறது. நியூயார்க்கில் 2010 முதல் ஒவ்வோர் உணவகமும் சுகாதார ஆய்வில் வாங்கிய ஏ, பி, சி எழுத்தை வாசலில் ஒட்ட வேண்டும். டென்மார்க்கில் 2001 முதல் சிரிக்கும் முகம், வாடிய முகம் என்று குறியிட்டுக் காட்டுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் 0 முதல் 5 வரை மதிப்பெண். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை வாசலில் காட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை என்றாலும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். போகிற ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று கிளம்பும் முன் ஒருமுறை தேடிவிடுங்கள்.

மனிதர்களைக் கேட்பதில், யாரைக் கேட்கிறோம் என்பதைவிட எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். விடுதி வரவேற்பில் "பக்கத்தில் நல்ல உணவகம் எது" என்று கேட்டால், எல்லோருக்கும் தருகிற அதே அச்சடித்த பட்டியல்தான் வரும். "உங்களில் யாருக்காவது சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, வீட்டோடு வெளியே சாப்பிடப் போனால் எங்கே போவீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் உள்ளே இருக்கும் இன்னொருவரைக் கூப்பிடுவார், அவர் வந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள் என்பார். அந்தப் பதிலை எந்த ஆப்பும் தராது. பூங்காவில் பிள்ளைகளை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பெற்றோரிடமும் கேட்கலாம். உங்கள் பிள்ளையைப் பார்த்ததுமே அவர்களுக்கு உங்கள் தேவை புரிந்துவிடும்.

சும்மா நடந்து போய்க் கண்டுபிடிப்பது இருப்பதிலேயே இனிமையான வழி, பசி இல்லாத நேரத்தில் மட்டும். மாலை நடையில் இரண்டு மூன்று இடங்களைக் கண்ணாடி வழியே பார்த்துவைத்துக்கொண்டு, மறுநாள் வருவது சரியாக இருக்கும். பசித்த பிறகு நடக்கத் தொடங்கினால் நான்காவது கடையில், அது எப்படியிருந்தாலும் உட்கார்ந்துவிடுவோம்.

ஓர் இடம் ஏறக்குறைய முடிவான பிறகு, மொழி இடம் கொடுத்தால் ஒரு போன் போடுங்கள். "மாலை ஐந்தரைக்கு ஆறு பேர் வருகிறோம், ஒரு குழந்தைக்கு இரண்டு வயது, ஸ்ட்ரோலர் உண்டு." இதற்குச் சட்டென்று "வாருங்கள், ஜன்னல் ஓரத்தில் போட்டுவைக்கிறேன்" என்று பதில் வந்தால் சரி. நீண்ட தயக்கத்துக்குப் பிறகு "முடியும்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். மொழி இடம் கொடுக்காவிட்டால் விடுதி வரவேற்பில் சொன்னால் அவர்களே பேசித் தருவார்கள்.

ஒவ்வாமை இருந்தால் கணக்கே வேறு

வேர்க்கடலை, பால், முட்டை, எள் போன்றவற்றுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் மேலே சொன்ன வரிசை அப்படியே மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் தந்தாக வேண்டும். அமெரிக்காவின் மத்திய சட்டம் 9 பொருள்களைப் பட்டியலிடுகிறது, ஒன்பதாவதாக எள் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டம் பொட்டலத்தில் அடைத்த உணவுகளின் லேபிளுக்கானது, உணவக மெனுவுக்கு அல்ல. ஆக, ஒரு ஊரில் மெனுவிலேயே எழுதியிருக்கும் தகவலை இன்னொரு ஊரில் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

இங்கே சங்கிலி உணவகங்கள் சட்டென்று மேலே வருகின்றன. அவற்றில் பலவும் எந்தப் பதார்த்தத்தில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. சிறு உணவகத்தில் அன்பு இருக்கும், பட்டியல் இருக்காது. ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிப்பார்கள், ஒரே கரண்டியால் கிளறுவார்கள். ஃபுட் கோர்ட்டில் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. என்ன ஒவ்வாமை, அதே எண்ணெயோ பாத்திரமோ பட்டாலும் ஆபத்து என்பதை அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதிச் சமையலறைக்கே கொடுத்தனுப்புங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கிளம்பும் முன்பே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் அட்டையைப் படிக்காமலே தலையாட்டினால் எழுந்து வந்துவிடுவதில் தவறே இல்லை.

ஒவ்வாமை இல்லாத சின்னக் குழந்தைகளுக்கும் ஓரிரு எச்சரிக்கைகள் உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது, விடுதியின் காலை உணவு மேசையில் அது கண்ணுக்கு முன்னால் இருக்கும். முழுத் திராட்சையை நீளவாக்கில் வெட்டித்தான் தர வேண்டும். முழுக் கடலைகளை ஐந்து வயது வரை தவிர்ப்பது நல்லது.

யாருக்கு எது

கைக்குழந்தை மட்டும் என்றால் உண்மையில் எங்கும் போகலாம். அது தூங்கும் நேரம் பார்த்துப் பெயர்பெற்ற இடத்தில் மதியச் சாப்பாட்டையே முடித்துவிடலாம். ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரைதான் கடினமான கட்டம். காலைக்கு விடுதி, மதியம் கூட்டத்துக்கு முன்பு சிறு உணவகம், சாயங்காலம் பையில் இருக்கிற தின்பண்டம், இரவு பார்சல். அந்த வயதுக்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரிந்து இல்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வேளையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். மேப்பில் மூன்று இடம் காட்டி, ஒன்றைச் சொல்லச் சொன்னால் போதும். தான் தேர்ந்த இடத்தில் பிள்ளை முரண்டு பிடிப்பது குறைவு. பதின்வயதினரோடு போனால் ஃபுட் கோர்ட்டும் தெருவோரக் கடைகளும்தான் ருசிக்கும், நேரமும் தள்ளிப்போகலாம். வயதானவர்கள் இருந்தால் தூரத்தையும் படிகளையும் முதலில் பாருங்கள், சாப்பாட்டை அப்புறம் பாருங்கள். கழிப்பறை கீழ்த்தளத்திலோ மாடியிலோ இருக்கும் இடம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அவர்களுக்கு அது சரிவராது. தண்ணீர் குடிக்கவே தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் தாகமில்லை என்பார்கள்.

ஒருநாளைக்கு இத்தனை இடம் என்று முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டியதில்லை. போகப்போகும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு உணவகம், அது இல்லாவிட்டால் போக ஒரு ஃபுட் கோர்ட்டோ சங்கிலிக் கடையோ என்று இரண்டு புள்ளிகள் மேப்பில் சேமித்திருந்தால் போதும். அந்தப் பகுதியின் மேப்பை ஆஃப்லைனிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே கட்டாயம் முடிவு செய்ய வேண்டியது ஒரே ஒரு வேளை, வந்து இறங்குகிற அன்றைய இரவு. விமானம் தாமதமாகும், அறைச் சாவி வாங்க வரிசை இருக்கும், பிள்ளை பாதி தூக்கத்தில் இருக்கும், உள்ளூர் சிம் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. விடுதியிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், இரவு பத்து வரை அடுப்பு எரிகிற, பார்சல் தருகிற ஓர் இடத்தைக் கிளம்பும் முன்பே கண்டுபிடித்து, அதன் பெயரையும் முகவரியையும் அந்த ஊர் எழுத்திலேயே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.